ஆள் இங்கே, குரல் அங்கே

என் தாய்மாமாவுக்கு வயது 82. சென்னையில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற வருஷம் ஐப்பசி மாதம் ஓர் இரவு நான் அங்கே தங்க நேர்ந்தது. நடுராத்திரிக்கு மேல் விழிப்புக் கொடுத்தது. கூடத்தில் வெளிச்சம் தெரியவே எட்டிப் பார்த்தேன். மாமா மேஜை முன் உட்கார்ந்திருந்தார். எதிரே பேத்தியின் மடிக்கணினி. காதில் பழைய கறுப்பு ஹெட்போன். கையில் பென்சில், முன்னால் ஒரு 40 பக்க நோட்டு.

"என்ன மாமா, தூக்கம் வரலியா?" என்று கேட்டேன்.

"சத்தம் போடாதேடா. ஹாலந்திலே உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

எண்பதைத் தாண்டியவர் ஒருவர் நடுராத்திரியில் இப்படிச் சொன்னால், கேட்கிறவனுக்கு முதலில் டாக்டரின் ஞாபகம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் பத்து நிமிஷத்துக்குள் உண்மை விளங்கிவிட்டது. மாமா சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. உடம்பு ஏழாவது மாடியில் இருந்தது. காது மட்டும் ஹாலந்துக்குப் போயிருந்தது.

ஹாலந்து தேசத்தில் என்ஸ்கெடே என்று ஓர் ஊர். அங்கே ட்வென்டே பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் கூரைமேல் சிறிய ஏரியல் ஒன்று நிற்கிறது. அது பிடிக்கிற சிற்றலைகள் அனைத்தையும் கீழே ஒரு ரேடியோ ரிசீவர் வாங்கி, கணிதமாக்கி, இணையத்தில் வைத்து விடுகிறது. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அந்த ரிசீவரைத் தம் வீட்டிலிருந்தே திருப்பலாம். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அவரவருக்கு வேண்டிய நிலையத்தைத் தனித்தனியே கேட்கலாம். ஒருவர் திருப்புவது இன்னொருவரைப் பாதிக்காது. ஒரே கிணற்றில் ஊரே தண்ணீர் இறைத்தும் ஒருவர் தாம்புக் கயிறு மற்றவர் கயிற்றில் சிக்காத அதிசயம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மாமாவுக்கு இந்த வயதில் ஹாலந்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்வதற்கு என் பாலிய காலத்துக்குப் போக வேண்டும்.

மாமா மின்சார வாரியத்தில் உத்தியோகம் பார்த்தவர். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் ஓர் 'ஹாம்' ரேடியோக்காரர். ஹாம் என்றால் அமெச்சூர். காசுக்காக அல்லாமல் ஆசைக்காக ரேடியோ பேசுகிறவர். அதற்கென்று சர்க்கார் பரீட்சை வைக்கிறது. தேறினால் லைசென்சும், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புப் பெயரும் கிடைக்கும். அதன்மேல் பழைய 807 வால்வை வைத்து ஒரு டிரான்ஸ்மிட்டரைத் தாமே கட்டிக் கொண்டு, தென்னை மரத்துக்கும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு செப்புக் கம்பியைக் கட்டி, மாமா உலகத்தோடு பேசிக் கொண்டிருந்தார். அந்தக் கம்பியில் காக்கை உட்காராமல் பார்த்துக் கொள்வது விடுமுறைக்குப் போகிற என் பொறுப்பு. காக்கை உட்கார்ந்தால் பேச்சுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்பதும், என்னை அறையிலிருந்து வெளியே அனுப்ப மாமா செய்த உபாயம் அது என்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது.

இரண்டு ஹாம்கள் ஆகாயத்தில் சந்தித்துக் கொண்டால், பிறகு தபாலில் ஆளுக்கொரு கார்டு அனுப்பிச் சந்திப்பை உறுதி செய்து கொள்வார்கள். இப்படி 100 தேசங்களின் கார்டுகளைச் சேர்த்துக் காட்டுகிறவருக்கு அமெரிக்க அமெச்சூர் சங்கம் ஒரு பத்திரம் தருகிறது. அந்தப் பத்திரம் 1937-ல் ஏற்பட்டது. அதை வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது ஒவ்வொரு ஹாமின் ஆசை.

மாமாவின் செருப்புப் பெட்டியில் 99 தேசங்களின் கார்டுகள் இருந்தன.

1990-ம் வருஷம் என்று ஞாபகம். சூரியனில் புள்ளிகள் மிகுந்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட வருஷங்களில் சிற்றலைகள் வெகு தூரம் போகும். ஒரு விடியற்காலை, பசிபிக் சமுத்திரத்துத் தீவு ஒன்றிலிருந்து மாமாவுக்குப் பதில் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? பாதி வந்தது. மாமாவின் அழைப்புப் பெயரில் கடைசி இரண்டு எழுத்துக்களை அந்தத் தீவுக்காரர் சொன்னார். அதற்குள் இரைச்சல் வந்து மூடிக் கொண்டது. மாமா தம் லாக் நோட்டில் நேரத்தை எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"கார்டு அனுப்பிப் பார்க்கலாமே" என்று நண்பர்கள் சொன்னார்கள். தீவில் ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதிக் கொள்கிறவர்கள் ஓர் எழுத்து இரண்டு எழுத்தைப் பற்றி ரொம்பக் கண்டிப்பாக இருக்க மாட்டார்கள்; பதில் கார்டு வந்தாலும் வந்துவிடும்.

நானும் சொன்னேன். "அனுப்புங்க மாமா. யாருக்குத் தெரியப் போகுது?"

"கார்டு வந்துட்டா நான் கேட்டதா ஆயிடுமாடா? அரைப் பேரைத்தான் கேட்டேன். மீதி அரையை நானே எழுதிக்கக் கூடாது" என்றார் மாமா.

அந்த வயதில் எனக்கு மாமா ஓர் அசடு என்றே தோன்றிற்று. அவர் அசடில்லை என்று நான் கண்டுகொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ரேடியோவின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்த பிறகுதான் அது விளங்கியது. அந்தச் சரித்திரமே "நிஜமாகக் கேட்டாயா?" என்ற கேள்வியில்தான் ஆரம்பமாகிறது.

1901-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி. அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்குக் கரையில், நியூபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் குன்றில், மார்க்கோனி ஒரு காற்றாடியைப் பறக்கவிட்டு அதன் வாலில் ஏரியல் கம்பியைக் கட்டியிருந்தார். சமுத்திரத்துக்கு அப்பால் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் போல்டு என்ற இடத்திலிருந்து மூன்று புள்ளிகள், அதாவது மோர்ஸ் சங்கேதத்தில் 'எஸ்' என்ற எழுத்து, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு வந்தது. பகல் பன்னிரண்டரை மணிக்கு அதைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். உதவியாளர் கெம்ப்பும் கேட்டார். உலகமே அதிசயித்தது.

ஆனால் சாட்சி என்ன? இரண்டு மனிதர்களுடைய காது. காகிதத்தில் பதிவு கிடையாது. மூன்றாம் மனிதர் கிடையாது. அந்த நாளிலேயே பலர் நம்பவில்லை. அவ்வளவு நீண்ட அலை பட்டப்பகலில் சமுத்திரத்தைக் கடந்திருக்குமா என்று இன்றுகூட விஷயம் தெரிந்தவர்கள் வாதாடுகிறார்கள். மார்க்கோனிக்கும் இது உறைத்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில், 1902 பிப்ரவரியில், 'பிலடெல்பியா' என்ற கப்பலில் பிரயாணம் செய்தபடி மறுபடியும் சோதித்தார். இந்தத் தடவை வந்த சங்கேதங்களைக் கருவியே காகித நாடாவில் மையால் பதிவு செய்தது. கப்பல் காப்டன் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பகலில் சுமார் 700 மைலோடு நின்று போன சங்கேதம், இரவில் 2,000 மைலுக்கு மேலும் எட்டியது என்று அப்போது தெரிந்தது. தூரத்தை ஜயித்தால் மட்டும் போதாது, ஜயித்ததாக நாலு பேர் நம்ப வேண்டும் என்பது அன்றைக்கே ஏற்பட்ட பாடம்.

மார்க்கோனியைப் பார்த்து உலகமெங்கும் பையன்கள் வீட்டு மாடியில் கம்பி கட்ட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் இவர்களுடைய தொல்லை பொறுக்க முடியவில்லை. 1912-ல் டைட்டானிக் கப்பல் முழுகியபோது ஆகாயத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் குழப்பச் செய்திகள் பறந்தன. அதற்கு அமெச்சூர்கள் தலையிலும் பழி விழுந்தது. அதே வருஷம் சட்டம் வந்தது. 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளில்தான் அமெச்சூர்கள் பேசலாம் என்றது சட்டம். அந்தக் காலத்து நிபுணர்கள் சிற்றலைகளை ஒன்றுக்கும் உதவாதவை என்று நினைத்தார்கள். ஊருக்குள் இருந்த பையன்களை விரட்டி, புல்கூட முளைக்காத புறம்போக்கில் குடியேற்றிய மாதிரிதான்.

அந்தப் புறம்போக்கின் அடியில் புதையல் இருந்தது. அது தெரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

நடுவில் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்பவரைச் சொல்லாமல் விடக் கூடாது. இவருடைய தகப்பனார்தான் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்ஸிம். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர் மகன். தகப்பன் போட்ட சத்தத்தை அடக்கிவிட்டு, அந்த அமைதியில் மகன் ரேடியோ கேட்க உட்கார்ந்தார் போலும்! 1914-ல் ஹார்ட்போர்டு ஊரிலிருந்து முப்பது மைலில் உள்ள ஸ்பிரிங்பீல்டுக்கு அவர் ஒரு செய்தி அனுப்ப முயன்றார்; எட்டவில்லை. வழியில் இருந்த இன்னோர் அமெச்சூர் அதை வாங்கி அனுப்பிக் கொடுத்தார். இப்படிக் கைக்குக் கை மாற்றினால் தேசம் முழுவதையும் கடக்கலாமே என்று மாக்ஸிமுக்குத் தோன்றியது. டஸ்கா என்ற இளைஞரோடு சேர்ந்து அமெரிக்க அமெச்சூர் சங்கத்தை ஆரம்பித்தார். தன் செய்தியை வேறொருவர் கையில் ஒப்படைத்து, அவர் ஓர் எழுத்தும் மாற்ற மாட்டார் என்று நம்புவது. அதுதான் அந்தச் சங்கத்தின் அஸ்திவாரம்.

இனி 1921-க்கு வருவோம். அமெச்சூர்களுடைய சிற்றலை அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு சோதனை நடந்து தோற்றுப் போயிற்று. டிசம்பரில் இன்னொரு சோதனை வைத்தார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லையோ என்று அமெரிக்கச் சங்கத்துக்கு ஒரு சந்தேகம். ஆகவே ஆள் அனுப்பினார்கள். ரிசீவர் கட்டுவதில் மகா கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய பால் காட்லி, தம் கருவிகளைக் கட்டி எடுத்துக் கொண்டு நவம்பரில் 'அக்விடானியா' கப்பல் ஏறினார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார். கடலோர வயலில் ஒரு கூடாரம். வெளியே மழையும் குளிர்காற்றும். நீண்ட கம்பி ஒன்றே ஏரியல். ராத்திரி முழுதும் கண் விழித்துக் கேட்டார்.

கேட்டது. அமெரிக்க அமெச்சூர் நிலையங்கள் இருபதுக்கு மேல் காதில் விழுந்தன. கனெக்டிகட் மாகாணத்தில் கிரீன்விச் என்ற ஊரில் இதற்கென்றே கட்டப்பட்ட 1 பி.சி.ஜி. என்ற நிலையத்திலிருந்து ஒரு முழுச் செய்தியே வந்து சேர்ந்தது. அதைக் கட்டியவர்களில் ஒருவர் ஆர்ம்ஸ்ட்ராங். இன்று நாம் எப்.எம். என்று கேட்கிற ரேடியோவைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தவர் அவரே. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், 'கேட்கத் தெரியாதவர்கள்' என்று கருதப்பட்ட ஆங்கிலேய அமெச்சூர்கள் சிலரும் தங்கள் வீட்டில் இருந்தபடியே அதே சோதனையில் அமெரிக்காவைக் கேட்டிருந்தார்கள்!

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. காட்லியின் கூடாரத்தில் பியர்ஸன் என்ற இன்னொரு மனிதரும் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். அவர் மார்க்கோனி கம்பெனியைச் சேர்ந்தவர். காட்லி கேட்டதைத் தாமும் கேட்டுச் சாட்சி சொல்வதுதான் அவருக்கு வேலை. இருபது வருஷத்துக்கு முன் சிக்னல் குன்றில் இல்லாத மூன்றாம் மனிதர், ஆர்ட்ராசனில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து விட்டார்.

அப்புறம் புதையலைத் தோண்டுவதற்குத் தாமதமாகவில்லை. 1923 நவம்பரில் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய், அமெரிக்காவின் ஷ்னெல், ரைனார்ட்ஸ் என்ற இருவரோடு சமுத்திரத்துக்குக் குறுக்கே இரு தரப்பும் பேசினார். அலை சுமார் 100 மீட்டர்தான். அடுத்த வருஷம், 1924 அக்டோபர் 18-ந் தேதி, நியூஸிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த பிராங்க் பெல், லண்டன் மில் ஹில் பள்ளிக்கூடத்தில் படித்த கோய்டர் என்ற 18 வயதுப் பையனோடு பேசினார். நடுவே 18,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பூமி உருண்டையில் அதற்கு மேல் போவதற்கு அநேகமாக இடமே இல்லை. பிராங்க் பெல் பிறகு பண்ணையைப் பார்க்கப் போய்விட, அவர் சகோதரி பிரெண்டா பெல் அந்த நிலையத்தை ஏற்று நடத்தினார். நியூஸிலாந்தின் முதல் பெண் அமெச்சூர் என்ற பெயரும் பெற்றார்.

உயரே ஆகாயத்தில் மின்சாரம் ஏறிய ஓர் அடுக்கு இருப்பதும், சிற்றலை அதில் மோதித் திரும்பிப் பூமிக்கு வருவதும்தான் இந்த மாயத்துக்குக் காரணம். அப்படி ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-லேயே கென்னலியும் ஹெவிஸைடும் சொன்னார்கள். 1924-ல் ஆப்பிள்டன் சோதனையால் நிரூபித்தார். அதற்கு 1947-ல் நோபெல் பரிசு பெற்றார்.

அதே 1924-ல்தான் நம் சென்னையிலும் கிருஷ்ணஸ்வாமி செட்டியார் என்ற ஆர்வலரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஏற்பட்டது. 40 வாட் சக்தியுள்ள சிறு டிரான்ஸ்மிட்டர். நண்பர்கள் கூடிப் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். 1927-ல் பணம் இல்லாமல் மூடும்படி ஆயிற்று. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை நகரசபையிடம் கொடுத்து விட்டார்கள். நகரசபை 1930-ல் ஒலிபரப்பைத் தொடங்கி, 1938-ல் அகில இந்திய ரேடியோ வரும்வரை நடத்தியது. நம் ஊரிலும் ரேடியோவுக்கு முதல் விளக்கு ஏற்றியவர்கள் ஆசைக்காரர்களே.

தூரம் முழுவதையும் ஜயித்தாகி விட்டது. இனி என்ன செய்வது? தேசங்களை எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணுவது என்று வந்துவிட்டால் மனிதன் லேசில் நிறுத்த மாட்டான். ஜனங்களே இல்லாத தீவுகள், கடலில் தலைகாட்டும் பாறைகள்கூடப் பட்டியலில் ஏறின. அங்கே ஹாம் கிடையாது என்றால் ஹாமே அங்கே போனார். 1983 ஏப்ரலில் தென் சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுகளை நாடிப் போன ஜெர்மன் அமெச்சூர்களின் படகு சுடப்பட்டுத் தீப்பற்றியது. அந்தப் பிரயாணத்தில் இருவர் உயிர் இழந்தார்கள். 2007-ல் அதே கடலில் ஸ்கார்பரோ பாறைகளின் மேல் மரப்பலகை மேடைகள் கட்டி, குடைக்குக் கீழே உட்கார்ந்து சிலர் ரேடியோ பேசினார்கள். நாற்காலி வழுக்கினால் சமுத்திரம்!

அந்த மாதிரி சாகசக்காரர்கள் எங்கோ சிலர். வீட்டிலிருக்கும் சாதாரண ஹாமுக்கு வந்த கஷ்டம் வேறு. அடுக்கு மாடிக் குடியிருப்புகள் பெருகின. கம்பி கட்ட அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தாலும் வீட்டுக்கு வீடு மின்விளக்கும் சார்ஜரும் கிளப்புகிற மின் இரைச்சல், தூரத்துக் குரலை விழுங்கி விடுகிறது. பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு மாமா சென்னைக்கு வந்தபோது, தென்னை மரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கூடவே கொண்டு வர முடியவில்லை. குடியிருப்பு சங்கத்தார் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் மொட்டை மாடிச் சாவியைக் கொடுக்கவில்லை.

இந்தக் கஷ்டத்துக்கு இணையம் ஒரு வழி செய்தது. ரேடியோவை நல்ல இடத்தில் வை. நீ எங்கே வேண்டுமானாலும் இரு. முதலில் காது போயிற்று. ஹாலந்தின் ட்விங்கலோ என்ற ஊரில் 1956-ல் கட்டிய 25 மீட்டர் அகலமுள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கி ஒன்று உண்டு. சந்திரனில் மோதித் திரும்பும் அமெச்சூர் சங்கேதங்களை அதன் வழியாகப் பல பேர் ஒரே சமயத்தில் கேட்க வேண்டும் என்று ஒரு யோசனை பிறந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக 2007 முடிவில் ட்வென்டே பல்கலைக்கழகத்து அமெச்சூர்கள் வைத்ததுதான், மாமா இப்போது உட்கார்ந்திருக்கும் ரிசீவர். காட்லி கப்பலேறிப் போய், கூடாரம் அடித்து, மழையில் நனைந்து செய்த காரியத்தை இன்று சட்டையைக்கூட மாட்டிக் கொள்ளாமல் செய்யலாம்.

பிறகு வாயும் போயிற்று. வீட்டில் ஒரு குமிழைத் திருப்பினால், அந்தத் திருப்பம் எண்ணாக மாறி இணையத்தில் ஓடி, எங்கோ ஒரு மலைமேல் ஆளில்லாத அறையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரைத் திருப்புகிறது. பேசுகிற குரலும் எண்களாகி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்து, மறுபடி குரலாகி ஏரியலில் ஏறுகிறது. பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. நடுவில் இணைப்பு கெட்டுப் போனால் டிரான்ஸ்மிட்டர் மூன்று நிமிஷத்துக்கு மேல் தானே ஒலித்துக் கொண்டிருக்கக் கூடாது. குதிரைமேல் இருந்தவன் கீழே விழுந்தால் குதிரையும் நின்றுவிட வேண்டும் என்பதே தாத்பரியம். ஆள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பொறுப்பு அவருடையதுதான்.

2024 ஆகஸ்டில் பசிபிக்கில் ஜார்விஸ் என்ற தீவில் இந்த முறையைக் கையாண்டார்கள். அது பறவைகளுக்கும் கடல் ஜீவன்களுக்கும் ஒதுக்கிவிட்ட தீவு. ரேடியோக்களைப் பெட்டிகளில் அடைத்துக் கரையில் வைத்துவிட்டு, ஆட்கள் கப்பலில் இருந்தபடி இயக்கினார்கள். பறவைகளின் அமைதி கெடவில்லை. ஒருவரும் பாறைமேல் உயிரைப் பணயம் வைக்கவில்லை. ஸ்ப்ராட்லியில் மாண்டவர்களை நினைத்தால், இதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனாலும் சண்டை வராமல் இருக்குமா? "இது என்ன ரேடியோ? டெலிபோன் பேசிவிட்டு அதன் நுனியில் ஓர் ஏரியலைச் சொருகிய மாதிரி இருக்கிறது!" என்றார்கள் பழைய மனிதர்கள். நோயாளிகளும், வயதானவர்களும், மாடி வீட்டுக்காரர்களும் "எங்களுக்கு வேறு வழி ஏது?" என்று கேட்டார்கள். அதற்குள் பெரிய பெரிய கோபுரங்களோடு நிலையங்களைக் கட்டி, நிமிஷக் கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்களும் கிளம்பி விட்டார்கள்.

இதில் ஒரு சூக்ஷ்மமான திருட்டும் உண்டு. ஒருவர் தம் வீட்டு டிரான்ஸ்மிட்டரில் பேசுகிறார். எதிர்த்தரப்பு தம் வீட்டு ரிசீவரில் கேட்கவில்லை. உடனே இணையத்தில் உலகத்தின் வேறொரு மூலையில் உள்ள ரிசீவரைத் திறந்து கேட்டுக் கொள்கிறார். வாய் ஓரிடம், காது ஓரிடம். லாக்கில் மட்டும் 'சந்தித்தேன்' என்று எழுதிக் கொள்கிறார். அருகே உட்கார்ந்து பார்க்கிறவர் தவிர வேறு யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பத்திரம் வழங்கும் அமெரிக்கச் சங்கம் இதற்கெல்லாம் விதி செய்திருக்கிறது. ஆள் எங்கேயும் இருக்கலாம். டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கிறதோ அதுவே நிலையம். ஆனால் ஒரு சந்திப்புக்கு உபயோகிக்கிற டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். உயிர் எங்கே உலாவினாலும் வாயும் காதும் ஒரே உடம்பில் இருக்கட்டும் என்கிறது விதி. 2015-ல் சங்கம் ஆளுக்கும் நிலையத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றிய தடையை நீக்கியது. அப்போது அது சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. தன் எண்ணிக்கைக்கு எந்தச் சந்திப்பைச் சேர்த்துக் கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற தர்மத்தின் எல்லையை ஒவ்வொருவரும் தாமே யோசித்து வகுத்துக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

பாருங்கள், வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. சிக்னல் குன்றில் சாட்சி இல்லை. பிறகு காகித நாடா வந்தது, காப்டன் கையெழுத்து வந்தது, கூடாரத்தில் பியர்ஸன் வந்தார், தபாலில் கார்டு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் சாட்சிகளைத் தேடிச் சேர்த்த பிறகு, பூட்டிய அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனிடமே சாவியைத் திருப்பிக் கொடுத்து, "நீயே சொல், கேட்டாயா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. கருவி எவ்வளவு வளர்ந்தாலும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை அதனிடம் விட முடியவில்லை.

அன்று இரவு மாமாவிடம் விஷமமாகக் கேட்டேன். "ஹாலந்துக் காதுக்குப் பசிபிக் தீவெல்லாம் கேட்குமே, மாமா. நூறாவதை முடிச்சிடலாமா?"

மாமா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து இன்னொரு நோட்டை எடுத்தார். அட்டை நைந்த பழைய லாக் நோட்டு. புரட்டிக் காட்டினார். 1990, அந்த நேரம், அந்தக் கேள்விக்குறி. பென்சிலில் போட்டது இன்னும் அழியாமல் இருந்தது.

"அது பாளையங்கோட்டை நோட்டு. அதிலே பாளையங்கோட்டையிலே கேட்டதுதான் இருக்கும்" என்றார்.

பிறகு முன்னால் இருந்த புது நோட்டைத் திருப்பி அதன் அட்டையைக் காட்டினார். கொஞ்சம் நடுங்கிய கையெழுத்தில், பெரிதாக எழுதியிருந்தது: 'ஹாலந்துக் காதால் கேட்டவை.'

"இப்போ சாயங்காலம் அங்கே. நல்லாக் கேட்கிற வேளை. நீ போய்ப் படு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக் கொண்டார்.

நான் போய்ப் படுத்துக் கொண்டேன். முப்பது வருஷத்துக்கு முன் "யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்ட பையன் பக்கத்தில் வந்து படுத்த மாதிரி இருந்தது. அவனிடம் பேச எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.